வாளிக்குப் பயந்த ஓவசியர்

கல்முனைக்குடி,
10.06.1980

மதிப்பிற்குரிய மச்சான் அபூசாலி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும் என்று முடிவுசெய்து இதை எழுதுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்களும் மச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காலையில் நீங்கள் இருமுவது கேட்கிறது. சுகமான ஆளின் இருமல் மாதிரித்தான் இருக்கிறது. இங்கே உங்கள் தங்கை றாஹிலாவும் நானும் நலம். நாய்தான் நலமில்லை. நமக்கிடையில் இருப்பது ஒரு கிடுகு வேலி, கூப்பிட்டால் கேட்கும் தூரம். அப்படியிருந்தும் தபாலில் எழுதுவது ஏன் என்று மச்சி கேட்பார். உங்கள் மூத்த மகனின் கலியாணத்தில் என்னைப் பலர் கூடிச் சாப்பிடும் சஹன்களில் கடைசிச் சஹனில், சோறு ஆறி இறைச்சி முடிந்த பிறகு உட்காரவைத்த நாளிலிருந்து நீங்கள் என்னோடு கதைப்பதில்லை. என் காதில் விழும்படி வேலியோடு கதைக்கிறீர்கள். எனக்கு வேலியோடு கதைத்துப் பழக்கமில்லை. ஆகவே இந்தக் கடிதம் தபால் கந்தோருக்குப் போய், முத்திரையில் குத்து வாங்கி, உங்கள் படலையால் மரியாதையாக உள்ளே வரும்.

முதலில் என் நாய் ஓவசியரைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் கடையில் இருந்துகொண்டு சொல்வது வேறு மாதிரி இருப்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு மறுநாள், தென்னைகள் எல்லாம் தொழுகை வரிசை போல ஒரே பக்கம் சாய்ந்து கிடக்க, தெருவெல்லாம் வெள்ளம் ஓட, யாரோ வீட்டுக் கதவொன்று மிதந்து வந்தது. அந்தக் கதவில் ஏறித்தான் நாய் வந்தது என்று நீங்கள் சொல்கிறீர்கள். இல்லை. கதவு ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். நாய் நீந்தி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கியவன் நான். என் சாரன் வெள்ளத்தோடு போனதையும் நீங்கள் கூரையில் நின்று பார்த்தீர்கள், சிரிக்கவும் செய்தீர்கள். நீர்ப்பாசன இலாகாவில் லிகிதராக இருந்து என் காலம் முழுக்க, வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர்மாருக்குக் கடதாசி எழுதியவன் நான். ஒரு ஓவசியராவது ஒரு கடதாசிக்கு மறுமொழி தந்ததில்லை. இது கூப்பிட்ட முதல் சத்தத்திலேயே வாலாட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் ஓவசியர் என்று பெயர் வைத்தேன். காவலுக்கு நாய் வைக்கலாம் என்று மார்க்கக் கிதாபிலேயே இருக்கிறது. ஆலிம்சாவிடம் கேட்டுத்தான் வைத்தேன். அது மாமரத்தடியைத் தாண்டி வீட்டுக்குள் ஒரு கால் வைத்ததில்லை. உங்கள் சிவலைப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனவனைச் சந்தி வரைக்கும் துரத்திப் பசுவைத் திருப்பிக் கொண்டுவந்தது யார்? காலையில் நீங்கள் பசுவைத் தடவினீர்கள். நாயைப் பார்த்து “சீ” என்றீர்கள்.

இப்படிப்பட்ட நாய்க்கு இந்த வருடம் பங்குனியிலிருந்து என்ன வந்ததென்று எனக்கு விளங்கவில்லை. முதுகில் மயிர் வட்டம் வட்டமாக உதிர்ந்தது. நான் அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பினால், அது மாமரத்தடியில் உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து, வெயிலிலேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். தண்ணீரைக் கண்டால் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓடும். கிணற்றடியில் கப்பி கிரீச்சிட்டால் போதும், வேலிக்கு அடியில் படுத்து முனகும். வெள்ளத்தை நீந்தி வந்த நாய், மச்சான், ஒரு வாளித் தண்ணீருக்கு ஓடுகிறது! றாஹிலாவிடம் கேட்டேன். “நாய்ட விசயம் எனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் தங்கை அந்த நாயைத் திரும்பிப் பார்த்ததே இல்லை; அந்த விடயத்தில் உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பெண்தான்.

மீராசா பரிசாரியிடம் கொண்டுபோனேன். அவர் வாசலில் நிற்காமல் உள்ளே போய், சன்னலைப் பாதி சாத்திக்கொண்டு, “நாக்க நீட்டச் செல்லுங்க” என்றார். நான் சொன்னேன். நாய் நீட்டவில்லை. நாடி பார்க்க வேண்டும் என்றேன். நாடி பார்ப்பதென்றால் தொட வேண்டும், அவர் தொடமாட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒரே வளவுச் சீவன்கள்தானே, உங்கட கையத் தாங்க” என்று சன்னல் கம்பிக்கிடையால் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பித்தம் தலைக்கேறிப் போச்சு. ஆரோடயோ கன நாளா மனசுக்குள்ள கோவம் இரிக்கி” என்றார். நாய்க்கு யார் மேல் கோபம் என்று கேட்டேன். “நாய்க்கு எண்டு நான் செல்லல்ல” என்றார். தந்த கஷாயத்தை நாய் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. வீணாக்கக்கூடாதென்று நான் குடித்தேன். அதன் பலனை நீங்களும் அறிவீர்கள். நான் வளவின் பின்பக்கம் ஓடியபோதெல்லாம் வேலியடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தவர் நீங்கள்தான்.

அதற்குப் பிறகுதான் ஊரில் அந்தக் கதை பரவியது. தண்ணீருக்குப் பயந்தால் விசர். விசர்நாயைச் சுட வேண்டும். போன வெள்ளிக்கிழமை நீங்கள் வேலியோடு கதைத்த கதையை நான் ஒரு சொல்லும் விடாமல் கேட்டேன். “எண்ட தங்கச்சிர ஊட்டுக்குள்ள விசர் நாயா? வாற வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்ச கையோட அப்துல் கபூர்ர துவக்க எடுத்துக்கு வாறன். மச்சான் மறிச்சா மச்சானுக்கும் ஒரு வெடி இரிக்கி.” அந்தத் துவக்கு பன்றி சுடும் துவக்கு என்பதும், அப்துல் கபூர் அதைக்கொண்டு இன்றைக்கு வரைக்கும் ஒரு பன்றியையும் சுட்டதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் குறி தவறிச் சுடுபவனுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஆகவே நேற்றுத் திங்கட்கிழமை ஓவசியரை ஒரு நெல்லுச் சாக்கில் போட்டு, சாக்கு வாயைத் தளர்த்திக் கட்டி, திருக்கோவில் பஸ்ஸில் ஏறினேன். அங்கே பூபாலசிங்கம் என்றொரு மிருக வைத்தியர் இருக்கிறார். அட்டாளைச்சேனை வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு கொண்டக்டர் வந்து சாக்கைக் காலால் தட்டினான்.

“காக்கா, சாக்குக்குள்ள என்ன?”

“மரவள்ளிக் கிழங்கு.”

“கிழங்கு மூச்சு உடுகுதே காக்கா.”

“புதுக் கிழங்கு.”

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு கிழவர் “தம்பி, அந்தக் கிழங்கில எனக்கும் ரெண்டு றாத்தல் குடுங்க, வளவில நட்டுப் பார்ப்பம்” என்றார். ஓவசியர் அப்போதுதான் ஒரு தரம் குரைத்தது. அக்கரைப்பற்றில் இறக்கிவிட்டார்கள். மீதி வழியெல்லாம் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன், மச்சான். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சாக்கை அவிழ்த்துக் காட்டி, இது சூறாவளியை நீந்தி வந்த நாய் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பூபாலசிங்கம் வைத்தியர் நாயைத் தொட்டுப் பார்த்தார். அதுவே எனக்குப் பாதிக் குணம். ஒரு தட்டில் தண்ணீர் வைத்தார். ஓவசியர் ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்து, தட்டையும் நக்கியது. “விசர் நாய் இப்பிடிக் குடிக்காது ஐயா” என்றார். அந்த நேரம் பார்த்து அங்கே வேலைக்கு நிற்கும் அம்மா தரை கழுவ ஒரு வாளியோடு உள்ளே வந்தார். ஓவசியர் ஒரே பாய்ச்சலில் வைத்தியரின் கதிரையில் ஏறி, அவருடைய முதுகுக்குப் பின்னால் தலையை ஒளித்துக்கொண்டது. வைத்தியர் சிரித்தார். “தண்ணிக்குப் பயமில்ல. வாளிக்குத்தான் பயம்.” பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதுகுத் தோலைச் சுரண்டி, மயிர்க்காலில் இருந்ததை விரலில் எடுத்துக் காட்டினார். “சொறியுமில்ல, பூச்சியுமில்ல. இது மண். இது சவர்க்காரம். நாய்க்கு இப்பிடி வேர்க்கவும் மாட்டாது, நீங்க கண்டது குளிச்ச தண்ணி. ஆரோ இத ஒவ்வொரு நாளும் புடிச்சு, மண் போட்டு உரஞ்சி, திருப்பித் திருப்பிக் குளிப்பாட்டுறாங்க. தோல் எப்பிடித் தாங்கும்? அதக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க, மயிர் தன்ர பாட்டில முளைக்கும்.” எனக்கு நோயின் பெயர் வேண்டும் என்றேன். “பேரா? அளவுக்கு மிஞ்சின சுத்தம்” என்றார்.

இப்போது விடயத்துக்கு வருகிறேன். நான் படித்தவன், காரணமில்லாமல் ஒருவர் மேல் பழி போடுகிறவன் அல்ல. மண் யாரிடம் இருக்கிறது? நாவிதன்வெளியில் வயல் வைத்திருப்பவரிடம். வாளி யாரிடம் இருக்கிறது? மாடு வைத்திருப்பவரிடம். சவர்க்காரம் யாரிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது? பசாரில் கடை வைத்திருப்பவரிடம். இந்த மூன்றும் உள்ளவர், நான் பள்ளிக்குப் போகும் நேரம் தெரிந்தவர், கல்முனைக்குடியில் ஒரே ஒருவர்தான். நீங்கள் வேலியால் வந்து வாயில்லாச் சீவனை வதைத்து, அதை விசர்நாய் ஆக்கி, அதைச் சாட்டாக வைத்துத் துவக்கும் எடுக்கிறீர்கள். ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன்னர், துவக்கு வராது என்று அதே வேலியோடு, அதே சத்தத்தில், நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜும்ஆ முடிந்து நீங்கள் வரும்போது மாமரத்தடியில் நாய்க்கு முன்னால் நான் நிற்பேன். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நெல்லுக்கு நல்ல விலையையும், பிறர் வளவுக்குள் நீளாத கைகளையும் தருவானாக. மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். சிவலைப் பசுவுக்கு ஓவசியரின் சலாம்.

இப்படிக்கு,

பிற்குறிப்பு: மேலே ‘இப்படிக்கு’ என்று எழுதிவிட்டுப் பேனைக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் கப்பி கிரீச்சிட்டது. இந்தக் கடிதத்தால் இன்றைக்கு நான் அஸருக்குப் பள்ளிக்குப் போகாமல் அறைக்குள்ளேயே தொழுதுவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரியாது. உங்களைக் கையோடு பிடிக்கலாம் என்று மெல்ல எட்டிப் பார்த்தேன். ஓவசியர் நடுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சீலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு உங்கள் தங்கை நின்றாள். கையில் வாளி. “நாலு… அஞ்சு…” என்று எண்ணிக்கொண்டே ஊற்றினாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் குழைத்த மண்.

நாயின் ஈரம் பட்ட பொருளை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கழுவ வேண்டியது பொருளை. அவள் நாயைக் கழுவியிருக்கிறாள்.

“என்ன புள்ள இது?” என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை, மிச்சம் இரண்டையும் ஊற்றி முடித்தாள். “இஞ்ச பாருங்க, நீங்க இதத் தடவிப்போட்டுக் கதிரையில இரிக்கிறீங்க, படலையப் புடிக்கிறீங்க, தொப்பியத் தொடுறீங்க. நான் எத்தினயக் கழுவுற? வாய்க்கால் வாய்க்காலாக் கழுவுறத்த உட்டுப்போட்டு குளத்தக் கழுவினா எல்லாம் சரிதானே? உங்கட தொழுகைக்கு ஒரு கொறையும் வரப்படாதெண்டுதான்.”

கிதாபில் அப்படி இல்லைதான். ஆனாலும் நீர்ப்பாசன இலாகாவில் இவ்வளவு தெளிவான திட்டத்தை எந்த எஞ்சினியரும் என் மேசைக்கு அனுப்பியதில்லை. வெயிலில் வாளி வாளியாக, எனக்காக, எனக்குத் தெரியாமல். வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். முகம் வாடிப்போய், நாயின் முதுகில் தேங்காயெண்ணெய் பூசினாள், வெறுங்கையால். துவக்குக் கதையைச் சொன்னேன்.

“நானும் கேட்டன். எண்ட காக்கா வரட்டும். ஊடு எண்ட பேர்ல, வளவு எண்ட பேர்ல. வளவுக்குள்ள நிக்கிற நாயும் எண்டதான். என்னட்டக் கேட்டுப்போட்டுச் சுடட்டும். நீங்க அப்பிடியே எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இந்த வளவில் என்னுடையது என்று ஒரே ஒரு நாய் இருந்தது; அதுவும் இப்போது இல்லை. ஆனாலும் மச்சான், இப்படி ஒருத்தியை எனக்குக் கட்டித் தந்தவர் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. மண், வாளி, சவர்க்காரம் மூன்றையும் வாபஸ் வாங்குகிறேன். சஹன் விடயத்தை வாங்கவில்லை. வேறு கடிதம் எழுதலாம் என்றால் இவ்வளவு நல்லதாக எழுத இனி வராது. கையெழுத்துப் போட்டால், கட்டிய பெண்ணைப் பற்றி அவளுடைய கூடப்பிறந்த காக்காவிடம் முறையிட்டவன் என்ற பேர் எனக்கு வரும். நம் குடும்பத்தில் அது இதுவரை யாருக்கும் வந்ததில்லை. ஆகவே இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன். எழுதியது யார் என்று நீங்கள் ஊரில் விசாரித்துத் திரிய வேண்டாம்.