கருந்துளைகள் இணையும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் இரண்டு கருந்துளைகளும் நலம். அங்கே அனைவரும் நலமா என்று கேட்பதுதான் முறை. அப்பா நலமில்லை என்றுதானே எழுதியிருக்கிறாய், அதனால் கேட்கவில்லை. அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

போனில் நான் மழுப்புகிறேனாம். வருவேனா மாட்டேனா என்று எழுத்தில், ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டுமாம். ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் இந்தத் துறைக்கே வந்திருக்க மாட்டேன். இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி, இணையும்போது ஓர் அதிர்வு கிளம்பும். அது பூமிக்கு வந்து சேர்கையில் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. முதல் ஓட்டத்தில், மூன்றாவது சுற்றிலேயே ஒன்று கணக்கின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதில் ஏசி ஒழுகியது. காவலாளி நல்ல மனதோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். மூன்றாவது இருபத்துமூன்று நாள் ஓடி, அழகாக இணைந்து, உள்ளே இருந்ததைவிட அதிக ஆற்றலை வெளியே தந்தது. ஒரு கழித்தல் குறியை விட்டது நான்தான். இப்போது நான்காவது. இன்னும் பத்து நாள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, நின்றிருந்தால் கிளப்ப வேண்டும். விட்டுவிட்டு வந்தால் கணினி அடுத்தவருக்குப் போய்விடும். எனக்கு இனி அடுத்த வருடம்தான்.

"நூறு கோடி வருஷத்துக்கு முன்னாடியே சேர்ந்து முடிச்சதுங்க. அதைப் பத்து நாள் கழிச்சுப் பார்த்தா என்னடி?" என்றாய். கேட்டுக்கொண்டே அடுத்த எட்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்தேன்.

ஒரே கணக்கைத் தோராயமாக, நுணுக்கமாக, இன்னும் நுணுக்கமாக என்று மூன்று முறை ஓட்டி, மூன்றும் ஒத்துப்போனால்தான் நாங்கள் நம்புவோம். உன் "உடனே வா"வை நம்பி இரண்டு முறை பதினோரு மணி நேரம் ரயிலில் வந்தேன். இரண்டு முறையும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரு இவளை வரச் சொன்னது? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார். இருதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை இந்த முறை நான் நம்பாமல் இல்லை. எவ்வளவு களைப்பு என்று கேட்டேன், அவ்வளவுதான். "கிராஃப் போட்டு அனுப்பவா?" என்று போனை வைத்துவிட்டாய். அனுப்பியிருந்தால் உட்கார்ந்து பார்த்திருப்பேன் என்பதுதான் வெட்கக்கேடு.

ஆகவே, ஓட்டம் முடிந்த மறுநாள் வருகிறேன். அத்தானுக்கு வணக்கம். அப்பாவுக்கு என் அன்பு. நான் சொன்னதாகச் சொல்லாதே, சந்தேகப்படுவார். உன் கோபம் சீக்கிரம் ஆறட்டும்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: உறையை ஒட்டும்போது அப்பாவே கூப்பிட்டார். நீ குளிக்கப் போயிருந்தாயாம். "அவசரமில்லம்மா. எல்லாம் முடிச்சுட்டு மெதுவா வா," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் அவசரமில்லை என்று சொன்னதில்லை, பல் தேய்க்கக்கூட. ஓட்டத்தை நிறுத்திவிட்டேன். மாலை ரயிலில் ஏறுகிறேன். நீ எழுத்தில்தான் கேட்டாய், தபாலோ எனக்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால் இந்தத் தாளையே படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். நான் உள்ளே வரும்வரை அவரைத் தூங்க விடாதே அக்கா. ஏதாவது சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டே இரு.