எதிரிக்கும் இரண்டு றோல்ஸ்

அன்புள்ள றெஜினோல்ட் மாமாவுக்கு,

ஈஸ்ட் ஹாமிலிருந்து மருமகள் றூபினி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலிக்காக அம்மா பூசைக்குப் பூசை மெழுகுதிரி கொளுத்துகிறா.

"உந்தப் பொதியோடை சண்டைக்குப் போனால் எதிரி சுடத் தேவையில்லையடி, நீயே விழுந்திடுவாய்" என்று போனில் சிரித்தீர்களே, இப்போது கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் விரும்பிச் சேர்ந்த ஒரே இடம் இளையோருக்குப் படைப்பயிற்சி தருகிற இந்தக் கடெற் படைதான். போன பயிற்சியில் கடைசியாக வந்தேன். இந்த முறையும் பிந்தினால் இனி முகாமில் பாத்திரம் கழுவத்தான் விடுவேன் என்று சார்ஜன்ட் சொல்லிவிட்டார். அவரவர் பையை அவரவரே சுமக்கவேண்டும். ஏற்கெனவே தண்ணீர், கூடாரத் துணி, மாற்றுச் சப்பாத்து. அதற்குமேல் அம்மா ஆட்டிறைச்சி றோல்ஸ், எள்ளுருண்டை, ஐஸ்கிறீம் டப்பா நிறைய வடை, லூர்து மாதா தண்ணீர்ப் போத்தல் எல்லாம் திணித்தா.

"பாரம் அம்மா."

"பசியோடை ஆராவது சண்டை பிடிப்பினமோ?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது, உங்களுக்குத் தெரியும்தானே.

சண்டை என்றது பயிற்சிப் போட்டிதான்: குன்றின் உச்சியில் எதிரிகளான தோர்ண்டன் ஹீத் குழுவின் கொடி, அதைப் பிடுங்கினால் வெற்றி. அதைப் பிடுங்க எங்கள் ஆட்கள் ஓடினார்கள், ஒவ்வொருவராகப் பிடிபட்டார்கள். நான் வெகு பின்னால், நிமிர ஏலாமல் ஊர்ந்துபோய், பாதி வழியில் அவர்கள் பக்கம் காவல் நின்ற யனுஷன் என்கிற பெடியனின் சப்பாத்தில் முட்டினேன். "கையைத் தூக்கு" என்று கத்தவேண்டும். துவக்கு பை வாரில் சிக்கிக்கொண்டது, நான் கத்தாமல் வாரை இழுத்துக்கொண்டு கிடந்தேன்.

அவன் மூக்கை உறிஞ்சினான். "உது றோல்ஸ் எல்லோ மணக்குது?"

தலையாட்டினேன்.

"காலமை பிஸ்கற் மட்டும்தான் தந்தவங்கள். உன்னைப் பிறகு பிடிக்கிறம், முதல்லை பையைத் திற. டேய், எல்லாரும் ஓடி வாங்கோடா!"

காவல் முழுவதும் வந்து குந்தியது. கடைசி வடை முடிந்தபோது என் பை காற்றுப்போல, அவர்கள் கல்லுப்போல. நான் பையைக் கொழுவிக்கொண்டு ஓடினேன். துரத்த எழும்பியது யனுஷன் மட்டும்தான். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப இருந்துவிட்டான். கொடியைப் பிடுங்கிக் கத்தினேன் மாமா, நான், கத்தினேன்: "பிடிச்சிட்டன்!"

பாரம் குறைந்தால் இவளை ஒருவராலும் பிடிக்க முடியாது என்று சார்ஜன்ட் எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த முறை முன்வரிசை எனக்கு. இனித் தேவையில்லாத ஒரு சாமானும் என் பையில் ஏறாது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் முழங்காலும் என் பைபோல இலேசாகட்டும்.

உங்கள் மருமகள்,
றூபினி

பி.கு.: அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "ஐயோ, அந்தப் பிள்ளையள் பிஸ்கற்றோடையோ நிண்டதுகள்?" என்றா. எதிரிக்கென்று இரண்டாவது பை கட்டியாயிற்று. அதையும் நான்தான் சுமக்கவேண்டுமாம்.