நலக் குழு கண்ட நமைச்சல்

மனித குலம் அரிப்பை எதிர்த்து நடத்திய போரின் வரலாற்றை என்றாவது ஒருவர் எழுதத்தான் போகிறார். அதில் எங்கள் ஊழியர் நலக் குழுவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்காவிட்டால் அவர் நேர்மையான ஆசிரியர் அல்லர். குழுவின் செயலாளன் நான் என்பதற்காகச் சொல்லவில்லை; உண்மை அப்படி.

எங்கள் மேலாளர் ஒரு கருத்தரங்குக்குப் போனவர், இயற்கையோடு திரும்பி வந்தார். பச்சையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஊழியர்களின் 'உற்பத்தித் திறன்' பெருகும் என்று அங்கே சொன்னார்களாம். சில நாட்களில் வரவேற்பறைச் சுவரில் ஒரு கொடி ஏறியது.

"எங்க சார் வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"வாங்கறதாவது! என் வீட்டு வேலிக்கு வெளியில தானா வளர்ந்து கிடந்தது. அக்கம்பக்கத்துல ஒருத்தரும் அதுகிட்டப் போக மாட்டாங்க. அவ்வளவு மரியாதை!"

கொடிக்கு நேர்கீழே தொலைபேசி அக்காவின் மேசை. வருகிறவர்களை உட்காரச் சொல்வதும், அழைப்புகளை உரியவர்களுக்குத் திருப்பிவிடுவதும் அவர் வேலை. இப்போது இன்னொன்றும் சேர்ந்தது. தினமும் காலையில் ஈரத்துணி எடுத்து இலைகளை ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். இலை பளபளத்தால் நிறுவனமும் பளபளக்கும் என்பது மேலாளரின் 'தொலைநோக்கு'.

அந்த வாரமே அக்காவின் கைகள் தடித்துச் சிவந்தன. பிறகு கோடுகோடாகக் கொப்புளங்கள்.

"சார், அந்தக் கொடியைத் துடைக்க ஆரம்பிச்சதுலேருந்துதான் இப்படி" என்றார் அக்கா.

குழு அவசரமாகக் கூடியது.

"தொட்டா ஒட்டிக்குமோ?" என்றார் கணக்காளர், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தபடி.

"ஒட்டாம? என் மாமியார் வீட்டு நாய்க்கு வந்துச்சே!" என்றார் கிடங்கு மேற்பார்வையாளர்.

"உங்க எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சா?"

"இல்ல. நாயைக் கொடுத்துட்டோம். அதனாலதான் ஒட்டல."

இந்த அறிவியல் சான்றுக்குப் பிறகு விவாதம் தேவைப்படவில்லை. கொடியைச் சந்தேகிக்க இடமில்லை, அது மேலாளருடையது. அக்காவைச் சந்தேகிக்கத் தடையேதும் இல்லை. அவருக்குத் தனிக் குவளை ஒதுக்கினோம். தொலைபேசியை மருந்து ஊற்றித் துடைத்தோம். அது அன்றிலிருந்து பேசவில்லை. கணக்காளர் மட்டும் பெருந்தன்மையோடு, கோப்புகளைக் குடையின் நுனியில் மாட்டி அவரிடம் நீட்டினார்.

நிறுவன வண்டியின் ஓட்டுநர்தான் நடைமுறை தெரியாமல் கேட்டார்: "ஆபீஸ் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டலாமே சார்?"

"டாக்டர் மேலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான்" என்று விளக்கினேன். "நோய் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை."

அக்காவைக் கட்டாய விடுப்பில் அனுப்பினோம். போகும்போது என்னிடம் வந்தார். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சார், வீட்ல மூணு வயசுப் பொண்ணு இருக்கா. என்னைக் கட்டிப் பிடிச்சாத்தான் தூங்குவா. தூக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

தனிப்பட்ட கருத்துச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. குழுவைக் கூட்டி, பதிலை அன்றே தெரிவித்தோம்: 'குழந்தை நம் ஊழியர் அல்லாததால் குழு கருத்துக் கூற இயலாது. எனினும் மறு உத்தரவு வரும்வரை தொடாதிருப்பது நலம்.' இதைவிட அக்கறையாக ஒரு நிர்வாகம் எழுத முடியுமா?

அக்காவின் இடத்தில் கோப்புப் பிரிவு அண்ணனை உட்கார வைத்து, அதே துணியைக் கையில் கொடுத்தோம். அவருக்கும் கை தடித்தது. ஒரே நாற்காலி, ஒரே நோய்! தொற்று என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. நாற்காலியைக் கிடங்கில் பூட்டி வைத்தோம்.

அப்போதுதான் மேலாளர் எங்கள் நிறுவன இதழுக்காகப் படம் எடுத்துக்கொண்டார். இயற்கையின் மீது தமக்குள்ள பாசத்தைக் காட்ட, ஒரு கொத்து இலையைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டார். படம் அருமையாக வந்தது. இரண்டு நாளில் கன்னமும் வீங்கி வந்தது. கண்கள் மட்டும் காணாமல் போயின.

டாக்டர் ஓடி வந்தார். முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இந்தச் செடியை யார் உள்ள கொண்டாந்தது? இதோட பிசின் தோல்ல பட்டாலே இப்படித்தான் வரும். பட்ட உடனே சோப்புப் போட்டு நல்லாக் கழுவியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது. இனிமே சொறியாதீங்க. குளிர்ந்த ஈரத்துணி வைங்க. கைல, கால்ல வந்தா காலமைன் தடவினாப் போதும். உங்களுக்குக் கண்கிட்ட வந்திருக்கு, மாத்திரை எழுதறேன். போட்டிருந்த உடுப்பு, துடைச்ச துணி எல்லாத்தையும் தனியாத் துவைக்கணும்."

"டாக்டர், பேரன் வந்திருக்கான். தூக்கலாமா?" என்றார் மேலாளர்.

"குளிச்சு உடுப்பு மாத்திட்டுத் தாராளமாத் தூக்குங்க. இது ஆள்கிட்டேருந்து ஆளுக்கு ஒட்டாது."

மேலாளர் கொடியை உடனே கொளுத்தச் சொன்னார். டாக்டர் பதறிவிட்டார்.

"கொளுத்தவே கூடாது! புகை நெஞ்சுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டுக்கிட்டு வேரோட பிடுங்குங்க."

அன்று பிற்பகலே சுற்றறிக்கை போனது: 'இன்று முதல் இந்நோய் தொற்றாது.' எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பினோம்.

"அக்காவுக்கு?" என்றார் ஓட்டுநர்.

"விடுப்பில் இருப்பவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் வழக்கம் இல்லை."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். "வண்டில ஏறுங்க சார்" என்றார். அந்தக் குரலில் ஒரு சுற்றறிக்கையின் பலம் இருந்தது. ஏறினேன். வழியில் நிறுத்தித் தன் கைக்காசில் ஒரு சோப்பும் காலமைன் புட்டியும் வாங்கிக்கொண்டார்.

அக்காவின் வீடு மாடியில் ஒற்றை அறை. தரையில் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு. இந்தப் பக்கம் அக்கா. அந்தப் பக்கம் குழந்தை, ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு.

ஓட்டுநர் செருப்பைக் கழற்றினார், நேரே போனார், கொப்புளம் காய்ந்திருந்த அந்தக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, தொடாதீங்கண்ணே!"

"ஒட்டாதும்மா. செடியால வந்தது. டாக்டரே சொல்லிட்டாரு. குளிச்சு உடுப்பு மாத்திட்டுப் பாப்பாவைத் தூக்கு."

அக்காவின் அழுகை நிற்கும்வரை அவர் கையை விடவில்லை. சில வேலைகளை ஆண்டவன் குழுக்களிடம் ஒப்படைப்பதில்லை.

அக்கா குளித்து, துவைத்த உடை மாற்றி வந்து, கோட்டுக்கு அருகே உட்கார்ந்து கைகளை நீட்டினார். குழந்தை எழுந்து வந்தது. கோட்டருகே நின்றது. கால் விரல் நுனிகூடத் தாண்டவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை, சட்டைப் பையில் பேனா வைத்திருந்த என்னைப் பார்த்தது.

"ஆபீஸ்ல சரின்னுட்டாங்களா மாமா?"

குழுவைக் கூட்டாமலே தலையசைத்தேன். அதன் பிறகுதான் கோட்டைத் தாண்டியது.

உத்தரவு இல்லாமல் பெற்ற தாயைத் தொடக் கூடாது என்று மூன்று வயதுக் குழந்தைக்கு இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொடுத்த நலக் குழு உலகில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் எழுந்து நின்று வணங்குகிறோம்.