காருக்கு வாங்கிய மேடை

"இனிமே என் காருக்கு அடியில என்னைத் தவிர வேற எவனும் படுக்கக் கூடாது!"

நடு ஹாலில் நின்றுகொண்டு ஆய்வாளர் சபதம் போட்டார். உட்கார்ந்துதான் போட்டிருப்பார், இடமில்லை. ஹாலில் ஐந்து சோபாக்கள் கிடந்தன. ஒன்றுக்கு ஸ்பிரிங் இல்லை, ஒன்றுக்குத் துணி இல்லை, மற்ற மூன்றிலும் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. மனைவிக்குப் பழைய சோபாக்களைப் பிரித்துப் புதுசாகத் தைத்துக் கொடுக்கும் தொழில். ஊரில் எவர் வீட்டு சோபா கிழிந்தாலும் அது நேரே இந்த ஹாலுக்கு வந்துவிடும்.

"யாருங்க படுத்தா?" என்றாள், வாயில் நாலு ஆணியைக் கவ்வியபடி.

"மெக்கானிக்தான்! மூணு தடவை படுத்தான், மூணு தடவை எந்திரிச்சான். கியர்பாக்ஸ்ல ஆயில் இன்னும் சொட்டுது. இப்ப என்னடான்னா, வண்டியை வித்துடுங்க சார்ங்கிறான். யாரு சொல்லிக் குடுத்தாங்களோ!"

கடைசி வாக்கியத்தை மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆணிதான் தெரிந்தது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எடை அளவுச் சோதனை அலுவலகத்தில் இருபத்தாறு வருட உத்தியோகம். கடை கடையாகத் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்து, எடையில் ஏமாற்ற அடியில் ஒட்டியிருக்கும் மெழுகு உருண்டையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. 'மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க' என்று மனைவி சொன்னால், இதில் என்ன உள்நோக்கம் என்று யோசித்துக் குடையை வைத்துவிட்டுப் போவார். தெப்பலாக நனைந்து வருவார். நனைந்தாலும் ஏமாறவில்லை என்ற திருப்தி அவருக்கு இருக்கும்.

"ஜாக்கி வச்சா என் தொப்பை உள்ள போக மாட்டேங்குது. அதனால ஷெட்டுக்கு ஒரு லிஃப்ட் வாங்கப் போறேன். காரை அப்படியே தூக்கி நிறுத்தி நானே பார்த்துக்கறேன்."

"வாங்குங்களேன்."

ஆய்வாளர் திடுக்கிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை கேட்டதும் 'சரி' என்று வந்ததே இல்லை.

"என்ன, உடனே சரிங்கிற?"

"ஒரே ஒரு கண்டிஷன். மாசக் கடைசிக்குள்ள ஒழுகறதை நிறுத்தணும். நிறுத்திட்டா ஷெட் உங்களுக்கு. இல்லைன்னா கார் வெளியில தார்ப்பாய்க்கு அடியில, ஷெட் எனக்கு. தரையில கிடக்கற சோபாவைக் குனிஞ்சு குனிஞ்சு தைச்சு என் இடுப்பே விட்டுப் போச்சு."

ஓகோ, அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டார். அந்தக் கார் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். அதை வெயிலில் நிறுத்த அவருக்கு மனமே வராது. ஆனாலும் வீரமாக, "சம்மதம்!" என்றார்.

அன்றைக்கே ஷெட்டை அளந்தார். கூரை ரொம்பத் தாழ்வு. நாலு மூலையிலும் மும்மூன்று தடவை அளந்தார், எல்லா இடத்திலும் ஏழடி நாலங்குலம் வந்தது. எல்லாம் ஒன்றாகவே வந்ததும், டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மனைவிமேல் சந்தேகம் தட்டியது.

"நீ டேப்பை இழுத்துத்தானே பிடிச்சிருக்கே?"

"இதுக்கு மேல இழுத்தா கூரையே வந்துடும்."

கார் ஐந்தடி என்று வைத்துக்கொண்டால் மிச்சம் இரண்டடி சொச்சம். அதற்குள் அடங்கும் லிஃப்டாகப் பார்க்க வேண்டும். இருவரும் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் கூரை உயரத்தைக் கேட்டதுமே பெரிய தூண் வைத்த லிஃப்டுகளை எல்லாம் தாண்டி ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். "தாழ்ந்த கூரைக்கு ரெண்டே ரெண்டுதான் சார். இது ரெண்டு நீளச் சட்டம். காருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து தூக்கும். வேலை முடிஞ்சதும் எடுத்துச் சுவத்துல சாத்திடலாம். அது மேடை. கத்திரிக்கோல் மாதிரி விரிஞ்சு ஏறும். தரையில போல்ட் போட்டு இறுக்கிட்டா யாரும் அசைக்க முடியாது. ரெண்டுமே ரெண்டடிதான் தூக்கும்."

ஆய்வாளர் பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்து அந்த இரண்டடியை அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"ஏங்க, அந்த ரெண்டு சட்டத்தையே வாங்குங்க. நடுவுல காலியா இருக்கு பாருங்க. நீங்க சௌகரியமாப் படுத்து வேலை பார்க்கலாம்" என்றாள் மனைவி.

ஆய்வாளரின் காது விடைத்துக்கொண்டது. இவளுக்கு எப்போதிலிருந்து என் சௌகரியத்தில் அக்கறை? கடைக்காரர் சொன்னதை மனதுக்குள் திருப்பிப் போட்டார். வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம். சாத்தினால் ஷெட் காலி. ஷெட் காலியானால் அடுத்த நிமிஷம் ஐந்து சோபாவும் உள்ளே! மெழுகு உருண்டை கிடைத்துவிட்டது.

"போல்ட் போட்டா கழற்றவே முடியாதா?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"தரையை உடைச்சாத்தான் சார். துளை போட்டதுக்கு அப்புறம் நாங்களும் திருப்பி எடுத்துக்க மாட்டோம்."

"அப்ப மேடைதான்!"

"வேணாங்க, சொன்னாக் கேளுங்க. சட்டம்தான் உங்களுக்குச் சரி."

"மேடை! இன்னைக்கே அனுப்புங்க!"

மனைவி பெருமூச்சு விட்டாள். பிறகு கடைக்காரரிடம் மெதுவாக, "இதை எந்த உயரத்துல வேணும்னாலும் நிறுத்தலாமாங்க?" என்று கேட்டாள்.

"பட்டனை விட்டா அங்கேயே பூட்டிக்கும்மா."

தோற்றவள் ஏதோ ஆறுதலுக்குக் கேட்கிறாள் என்று ஆய்வாளர் பரிதாபப்பட்டார்.

மேடை வந்தது, போல்ட் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை காரை மெல்ல ஓட்டி மேடைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். பட்டனை அழுத்தினார். கார் கம்பீரமாக எழுந்தது. கூரைக்கும் காருக்கும் நடுவில் நாலங்குலம் மிச்சம். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து, தொப்பையை எக்கி, உள்ளே நகர்ந்தார்.

அரையடி நகர்ந்ததும் மண்டை இரும்பில் டங்கென்று இடித்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தார். காரின் அடிவயிறு தெரியவில்லை. மேடைதான் தெரிந்தது. காரின் நடுப்பகுதி முழுவதையும் மேடை தன் முதுகில் தாங்கிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸ் அதற்கு நட்டநடுவில், மேலே. இடப்பக்கம் கையை விட்டார், முழங்கையோடு நின்றது. வலப்பக்கம் விட்டார், கடிகாரம் மாட்டிக்கொண்டது. உள்ளே எங்கேயோ ஆயில் மேடைத் தகட்டின்மேல் 'சொட்' என்று விழுந்தது.

மிச்சமிருந்த நாட்களில் நீளக் குறடு, வளைந்த ஸ்பானர், முகம் பார்க்கும் கண்ணாடி என்று எதையெதையோ உள்ளே விட்டுப் பார்த்தார். மாசக் கடைசியும் வந்தது. தானே காரை வெளியே தள்ளித் தார்ப்பாயைப் போர்த்தினார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பானெட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

மறுநாள் அலுவலகம் விட்டு வந்தபோது ஷெட்டிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மேடைமேல் பலகை விரித்து, அதன்மேல் மூன்று பேர் உட்காரும் சோபா. மனைவி பட்டனை அழுத்தினாள். சோபா அவள் இடுப்பு உயரத்துக்கு வந்து பூட்டிக்கொண்டது. அவள் குனியவே இல்லை. நிமிர்ந்து நின்று, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஆணி அடித்தாள்.

ஆய்வாளருக்கு இப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது.

"அப்ப உனக்கு மேடைதான் வேணும்னு ஆரம்பத்துலயே தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கடையில சட்டம், சட்டம்னு பொய் சொன்னே?"

"பொய்யா? உங்களுக்கு எது சரின்னு ரெண்டு தடவை சொன்னேன். நடுவுல காலியா இருக்கு, படுத்து வேலை பார்க்கலாம்னு காரணமும் சொன்னேன். இதுல எதுங்க பொய்?"

ஆய்வாளர் யோசித்தார். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை.

மனைவி வாயிலிருந்து ஆணிகளை எடுத்துவிட்டு, தெளிவாகச் சொன்னாள்:

"இருபத்திரண்டு வருஷத்துல உங்ககிட்ட நான் ஒரு பொய் சொன்னது கிடையாதுங்க. அவசியமே வரல."