ஆறு ஒட்சிசனும் ஒரு நெல்லிக்காயும்

நுஸ்ரத் டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ஓர் ஒட்சிசனைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

கடற்கரை மணலில் ஒரு சிலிக்கனைச் சுற்றி நாலு ஒட்சிசன். அதே மணல் பூமியின் ஆழத்தில், பயங்கர அமுக்கத்தில் கிடந்தால் வேறு கனிமமாகிவிடும். ஆறு ஒட்சிசன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அந்த ஆழத்துக் கனிமத்தைத்தான் டீச்சர் மாதிரியாகச் செய்து, திருகோணமலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு விடியவே கொண்டுவந்திருந்தார். பந்து கிடைக்கவில்லை. ஒட்சிசனுக்கு எள்ளுருண்டை, சிலிக்கனுக்கு நெல்லிக்காய், பொருத்துவதற்கு ஈர்க்கு.

"நல்ல பதம்," என்றார் தின்றவர்.

கிண்ணியாவில் பிறந்தவள், தின்ன நீட்டிய கையைத் தட்டிவிடுவாளா? "சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாழாய்ப்போன வாய்.

மூன்று வருடமாகக் கனகசுந்தரம் மாஸ்டரின் எரிமலைக்குத்தான் முதற்பரிசு. சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் நுரை தள்ளும் மண்மேடு, வேறொன்றுமில்லை. இந்த முறையும் அதனிடம் தோற்றால் ஆசிரியர் அறையில் தலைகாட்ட முடியாது. அது பக்கத்து மேசையில் வெள்ளைத் துணிக்குள் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. மாஸ்டரைக் காணோம், இராசமலர் என்றொரு அம்மாதான் காவல்.

டீச்சர் கணவருக்குப் போன் போட்டார். "அலுமாரியில மிச்ச உருண்டை இருக்கு, ஒண்டு கொண்டுவாங்க."

"அதை இப்பதான் தேத்தண்ணியோட முடிச்சனான்," என்றார் பாஹிம்.

ஐந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'கையால் தொட வேண்டாம்' என்று எழுதி வைத்தார். சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து வாசித்தார், தலையாட்டினார், கைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து ஓர் உருண்டையைப் பக்குவமாகக் கழற்றித் தின்றார்.

"கை படேல்ல, டீச்சர்."

இப்போது நாலு. நாலென்றால் வெறும் மணல். சரி, அதுவும் கனிமம்தானே என்று டீச்சர் அட்டையைத் திருப்பி, 'அமுக்கம் நீங்கியபின்' என்று எழுதினார். தன் கெட்டித்தனத்தை நினைக்க அவருக்கே சிரிப்பு வந்தது.

நடுவர்கள் இருவர் வந்தார்கள். டீச்சர் விளக்கத் தொடங்குமுன் ஆளுக்கொன்றாகப் பிடுங்கினார்கள். மிஞ்சியது இரண்டு. இப்படியொரு கனிமம் எந்த ஆழத்திலும் இல்லை. டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் கைகுலுக்கினார். "முதற்பரிசு உங்களுக்குத்தான்."

டீச்சருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார். "அக்கா, மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்க, அவர்ட எரிமலை தோத்துப்போச்செண்டு."

இராசமலர் வெள்ளைத் துணியை விலக்கினார். "எரிமலையோ? இது என்ர கொழுக்கட்டைச் சட்டி, பிள்ளை. விஞ்ஞானம் மேல்மாடியிலயெல்லோ, இஞ்ச பலகாரப் போட்டி."