கொடுமுடியில் கை நனைத்த கதை

எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இப்படிப்பட்ட என்னைக் கோவையில் ஒரு துப்பறியும் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால், அது முதலாளியின் போதாத காலம்.

துப்பறிவது என்றதும் கொலை, கொள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். (நானும் அப்படி நினைத்துத்தான் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன்.) எங்களுக்கு வந்ததெல்லாம் சொத்து விசாரணை. மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் தோட்டமும் பட்டறையும் உண்மையிலேயே அவர்களுடையதுதானா என்று பெண் வீட்டாருக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். பட்டா யார் பெயரில், வில்லங்கச் சான்றில் அடமானம் இருக்கிறதா, கார் யாருடையது என்று காகிதத்தில் தேடிவிட்டு, கடைசியில் நேரில் போய் நோட்டம் விட வேண்டும்.

என் முதல் வெளியூர் வேலை கொடுமுடி. கோவையில் பம்ப்செட் வியாபாரம் செய்யும் ஒருவர் தன் ஒரே மகளுக்கு அங்கே வரன் பார்த்திருந்தார். மாப்பிள்ளைக்குக் கோவையில் லேத் பட்டறை, ஊரில் தென்னந்தோப்பு. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். தோப்பின் மேல் வங்கிக் கடன் இருப்பது வில்லங்கச் சான்றிலேயே தெரிந்துவிட்டது. தரகர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த வீட்டார் வேண்டுமென்றே மறைக்கிறார்களா என்பதுதான் நான் கண்டுபிடிக்க வேண்டியது.

தேங்காய் வியாபாரி வேடத்தில் போனேன். போனதும் வாய் தவறி, "ஊடு யாரு பேர்லீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, உங்களுக்குத் தேங்கா வேணுமா, பத்திரம் வேணுமா?"

என் காது இரண்டும் சிவந்தன. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டு இலை போட்டார். விசாரிக்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். "வேண்டாமுங்க" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நீங்க பொண்ணூட்டுப் பக்கமிருந்து வந்திருக்கறீங்கன்னு தெரியுமுங்க. முந்தி வந்தவங்களும் இப்பிடித்தான் தண்ணி கூட வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போனாங்க. அப்பறம் ஒருத்தரும் திரும்பி வல்லீங்க" என்றார். கண்ணில் நீர் நின்றது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறு. நெய்யை ஊற்றிக்கொண்டே அவராகவே சொன்னார்: "தோப்பு மேல லோன் இருக்குதுங்க தம்பி. பையன் மிசின் வாங்குனதுக்கு வெச்சது. பட்டறையும் வாடகை எடந்தான். வாசல்ல நிக்கற காரு எங்கூடப் பொறந்த தம்பியுது. தரகர்கிட்ட அப்பவே சொல்லிப்போட்டேன். அவரு உங்ககிட்டச் சொன்னாரோ என்னமோ."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நான் அலைந்து திரிந்து சேகரித்த காகிதங்களோடு அப்படியே பொருந்தியது. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வாய் நிறையச் சோறு இருந்தது.

பஸ் ஈரோட்டைத் தாண்டுவதற்குள் முதலாளியின் போன் வந்தது. "ஏப்பா, என்னப்பா பண்ணிப்போட்டு வந்திருக்கற?"

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, துப்பறிவாளன் ஆகிவிட்ட மிதப்பில் எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த அம்மா உடனே பெண் வீட்டுக்குப் போன் செய்து, "உங்க ஊட்டுத் தம்பி ரெண்டாந்தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாருங்க, ரொம்பச் சந்தோசம்" என்று நிச்சயத்துக்கு நாள் கேட்டிருக்கிறார். (ரெண்டாந்தடவை வாங்கியதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

மறுநாள் காலை பெண்ணின் அப்பா மகளோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "விசாரிச்சுப்போட்டு வாங்கன்னு அனுப்புனா, கல்யாணத்தையே பேசி முடிச்சுப்போட்டு வந்திருக்கறானே உங்க ஆளு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வேலை எப்படியும் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். "அந்தம்மா எதையும் மறைக்கலீங்க. இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா அவங்க தாங்க மாட்டாங்க" என்றேன்.

அவர் சத்தம் இறங்கியது. "லோன் இருக்கறதையும் அவங்களாச் சொன்னாங்களா?"

"ஆமாங்க. நெய் ஊத்தறப்பவே."

கூட வந்திருந்த பெண் சிரித்துவிட்டாள். "இதுக்கு மேல என்னங்கப்பா விசாரிக்கறது? எனக்கு அந்த அத்தை வேணுங்கப்பா."

கல்யாணம் நடந்தது. முதலாளி என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் அனுப்பவும் இல்லை.

இப்போதும் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும், அந்தப் பெண் தன் மகளிடம் என்னைக் காட்டி, "இந்த மாமன் மட்டும் அன்னிக்குப் பசிக்கலைன்னு எந்திரிச்சுப் போயிருந்தா, நீ பொறந்தே இருக்க மாட்டே கண்ணு" என்று சொல்லிச் சிரிப்பாள். போன மாதம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதும் சொன்னாள். குட்டி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடியது. திரும்பி வந்து, நான் கை கழுவ எழுந்த நேரம் பார்த்து என் தட்டில் ஒரு தோசையை வைத்தது.

"இன்னொண்ணு சாப்புடுங்க மாமா. எனக்குத் தம்பிப் பாப்பா வேணும்."