பாஸ்கருக்கு ரெண்டு கோடு

2001. திருவொற்றியூரில் கருவருள் சாமி கடை விரித்த பிறகு எண்ணூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரே ஊசி, உடனே கர்ப்பம்! மூன்றாம் நாள் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் சிறுநீரை விட்டால் இரண்டு கோடு. பெண்கள் குலவையிடுவார்கள். சில வாரங்களில் கோடு காணாமல் போகும். "கரு கரைந்துவிட்டது. நீ செய்த பாவம்" என்பார் சாமி. (வருவது அவர் அருள், போவது நம் பாவம். வசதியான ஏற்பாடு.)

ராயபுரத்தில் மீன் விற்கும் மலருக்கு இரண்டு முறை கரைந்தது. கல்யாணமாகி ஆறு வருடம். மூன்றாவது ஊசிக்குக் கிளம்பியவளை, கணவன் பாஸ்கரின் தங்கை செங்கொடி மறித்தாள். அவளுக்கு மரபணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை.

"அண்ணி, நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோனைத்தான் அந்த அட்டை காட்டுது. அந்த மரபணு உனக்கும் கீது, அண்ணனுக்கும் கீது."

"இன்னாடி, இவருக்குமா?"

"ஆமா. ஆனா அதுக்கு முன்னால ஒரு சுவிட்சு கீது. அந்த சுவிட்சுக்கு வேகம் குடுக்க இன்னொரு துண்டும் கீது. ரெண்டையும் முடுக்குற புரதங்க நஞ்சுக்கொடியிலதான் ஒண்ணுசேரும். மத்த எடத்துல சுவிட்சு அணைஞ்சேதான் கீது. சாமியாரு அந்த ஹார்மோனையே ஊசியில ஏத்துறாரோன்னு எனக்கு டவுட்டு."

"சாமிய சந்தேகப்படாதடி!"

"சோதிச்சுப் பாத்துடலாம்."

முதலில் செங்கொடி பாஸ்கரைச் சோதித்தாள். ஒரு கோடுதான். அன்றே பாஸ்கர் சாமியிடம் போனான்.

"அவளுக்கு ஜொரம் சாமி. ஊசிய எனக்குப் போடுங்க. புருஷன் பொண்டாட்டி ஒண்ணுதானே?"

"ஒன்றேதான்!" என்றார் சாமி, காணிக்கையை வாங்கிக்கொண்டே.

மூன்றாம் நாள் கூட்டத்தில், ஊசி ஏறியது ஆம்பளைக்கு என்ற விஷயத்தைச் செங்கொடி போட்டு உடைத்தாள். கிண்ணம் மாறாமலிருக்க வரிசையிலிருந்து வந்து கழிப்பறை வாசலில் காவல் நின்ற பவுனம்மாள் என்ற பெண்ணே பாஸ்கரின் கிண்ணத்தை வாங்கி, எல்லார் முன்னும் அட்டையில் விட்டாள்.

இரண்டு கோடு!

"இன்னா மாமு, எத்தினி மாசம்?" என்றது ஒரு குரல். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அன்னை ஆணுக்கும் அருள்வாள்!" என்று சாமி அலறினார்.

"அப்போ நீயே பிரசவம் பாரு!" என்றாள் பவுனம்மாள்.

சாமி பின்சுவர் ஏறிக் குதித்தார். செங்கொடி சொல்லிவைத்த போலீஸ் அங்கே நின்றது. ஞானதிருஷ்டிக்கு அது தெரியவில்லை.

மலர் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்போ என் பாவத்தால எதுவும் கரையலியா?"

"கரையறதுக்கு எதுவுமே இல்ல அண்ணி."

மலர் அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து, சாமி ஓடிய பிறகும் வரிசையை விட்டு நகராத பெண்களிடம் கத்தினாள்: "உள்ள இன்னா மருந்து கீதுன்னு ஒரு வார்த்த கேக்காம நின்னேன். நீங்களாச்சும் கேளுங்கடி!"

கேள்வி கேட்டதால் இதுவரை எவள் கருவும் கலைந்ததில்லை.